சில்லறை

டவுட்டன் வளைவில்தான் முதல் தடவை.
இருபது ரூபாயை நீட்டிய பெண்ணிடம்
"எங்கேம்மா?" என்று கேட்கப் போனேன்.
நாக்கு பாதி வழியில் இறங்கிவிட்டது.
வலது கை யாருடையதோ போலத் தொங்க
பை கவிழ்ந்து நாணயங்கள்
இருக்கைகளுக்கு அடியில் ஓடின.

"காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான்பா."

இல்லை என்று சொல்ல
ஒரு வார்த்தை போதும்.
அந்த வார்த்தைதான் இல்லை.

பன்னிரண்டு நிமிடம்.
சேத்துப்பட்டு தாண்டுகையில்
விரல்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டன.
"ஸ்டெர்லிங் ரோடு" என்று
தேவையில்லாமல் கத்திப் பார்த்தேன்,
சரியாகத்தான் இருந்தது.
சரியாகிவிட்டதை எந்த டாக்டரிடம் காட்டுவது?
யாரோ செல்போனில் எடுத்த படம் மட்டும்
எனக்கு முன்பே பணிமனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இரண்டாவது, ஓட்டேரி டீக்கடை வாசலில்.
இடது கண்ணில் மட்டும்
மேலிருந்து ஒரு ஷட்டர்.
நாலு மிடறு இறங்கும் நேரம்.
பிறகு யாரோ திறந்துவிட்டார்கள்.
பித்தம் என்றார் கடைக்காரர்.
பித்தம் என்றே நானும் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வீட்டில்.
பூங்காவனத்தைக் கூப்பிட்டேன்,
"சில்லறை" என்று வந்தது.
திரும்பக் கூப்பிட்டேன்.
சில்லறை.
அவள் சிரிக்கவில்லை.
ஈரக் கையோடு ஆட்டோவை நிறுத்தினாள்.
யானைகவுனி வரும்போதே தெளிந்துவிட்டது எனக்கு.
"திரும்பிப் போயிடலாம்" என்றேன்.
"நீ ஓட்டுப்பா" என்றாள்,
என்னிடம் இல்லை, டிரைவரிடம்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரீன்
என் கழுத்தில் ஸ்டெத்தை வைத்து
பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பவள்போல்
வெகுநேரம் கேட்டாள்.
பிறகு என் காதில் மாட்டினாள்.
புஸ்... புஸ்...
காற்றுக்கதவு சரியாக மூடாத வண்டி.

"எண்பது சதவீதம் அடைப்பு.
அதிலேர்ந்து துணுக்கு ஒடஞ்சு மேல போகுது, கரைஞ்சுடுது.
அடுத்ததும் கரையணும்னு சட்டம் இல்லை.
இந்த வாரமே செஞ்சிடலாம்."

கழுத்து மட்டும் மரத்தது.
நான் விழித்திருந்தேன்
பச்சைத் துணிக் கூடாரத்தின் கீழே.
வலது கையில்
குழந்தைகள் குளிக்கும்போது அமுக்குகிற ரப்பர் வாத்து.
"அமுக்கிட்டே இருங்க. பேசிட்டே இருங்க."
என்ன பேச?
தெரிந்த ஒரே மனப்பாடம்:
பெரம்பூர். கீச். ஜமாலியா. கீச்.
ஓட்டேரி. புரசைவாக்கம்.
"கிளாம்ப்" என்றது ஒரு குரல்.
டவுட்டன். கீச்.
ஜெமினி. கீச். ஸ்டெல்லா மேரிஸ்.
அடுத்து,
அடுத்து அந்த முனை.
பிள்ளையார் தெரிகிறார், பூக்காரி தெரிகிறாள்,
இறங்குகிற கூட்டம் தெரிகிறது.
பெயர்ப்பலகை வெறுமையாக இருக்கிறது.

வாத்து ஊமை.

"ஷன்ட் குடு, சீக்கிரம்."
மெட்ரோவுக்குத் தோண்டிய சாலையில்
மாற்றுப்பாதை விடுவார்களே,
ரத்தத்துக்கு அப்படி ஒரு குழாய்.
ஏழு மூச்சு இருக்கும்.
"லஸ்!" என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
பெசன்ட் நகர் வரை ஒரு நிறுத்தம் விடாமல் போனோம்.

சுரண்டி எடுத்ததைக் கிண்ணத்தில் காட்டினார்கள்.
கவைபோலப் பிரிந்து, மஞ்சளாய்,
முருங்கைக்காய்ச் சதையைவிடச் சிறியது.
"எத்தனை கட்டு பீடி இது?"
பூங்காவனம் டாக்டரிடம்தான் கேட்டாள்.

பணிமனையில் டிஸ்சார்ஜ் தாளை நீட்டினேன்.
மேலாளர் இரண்டு முறை படித்தார்,
தண்ணீர் தரச் சொன்னார்.
'மது அருந்திய நிலையில்' என்ற வரியை அடிக்க
அவருக்கு அதிகாரம் இல்லையாம்.
விசாரணை அடுத்த மாதம்.
என் குரல் அதற்குள் தேறிவிடும் என்கிறார்கள்,
இப்போது அது தகரத்தில் ஆணி.

காலையில் மூன்று மாத்திரை.
அதற்கு முன் அவள் பரீட்சை.
"சிரி."
சிரிக்கிறேன்.
"ரெண்டு கையும் தூக்கு."
தூக்குகிறேன்.
"என் பேரு?"

நேற்று விளையாட்டாக
"சில்லறை" என்றேன்.
நான் வாய்விட்டுச் சிரிப்பதற்குள்
அவள் செருப்பை மாட்டியிருந்தாள்.
போனில் ஆட்டோக்காரன்
"அலோ, அலோ" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.